பழைய ஃபோர்-வீல் வாங்கப் போறீங்களா? முதலில் எஞ்சினைக் கவனியுங்கள்

"எஞ்சின்ல சின்னப் பிரச்சினைதான் தம்பி, கொஞ்சம் செலவு பண்ணா சரியாயிடும்."

விலையும் சந்தை விலையைவிட ரொம்பக் குறைவு. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் அந்தச் 'சின்னப் பிரச்சினை' நீங்கள் மிச்சம்பிடித்த பணத்துக்கும் மேலேயே செலவு வைக்கலாம்.

சாதாரணக் காரைவிட ஆபத்து ஏன் அதிகம்?

இவை செம்பனைத் தோட்டங்களிலும் சேற்றிலும் ஆற்றிலும் உழைத்த வண்டிகளாக இருக்கலாம். மேட்டுப் பாதையில் பாரம் இழுக்கும்போது எஞ்சின் சூடேறும். ரேடியேட்டரில் சேறு அடைத்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆற்றைக் கடக்கும்போது காற்றுக் குழாய் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போனால் இன்னும் மோசம். காற்றைப் போலத் தண்ணீர் அமுங்காது. அதனால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் வளைந்துவிடும். லேசாக வளைந்திருந்தால் வண்டி ஓடும், கொஞ்ச நாளைக்கு.

எதைப் பார்க்கணும்?

- சூடு: குளிர்ந்த எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். நீங்கள் போகும்போதே பானெட் சூடாக இருந்தால், ஏன் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்தார்கள் என்று கேளுங்கள்.
- புகை: நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்கவில்லையா? கூலண்ட் உள்ளே கசியலாம்.
- எண்ணெய் மூடி: அடியில் பால் கலந்த காப்பி நிறத்தில் பசை இருந்தால், எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் காஸ்கெட் போயிருக்க வாய்ப்புண்டு.
- டிஃபரென்ஷியல் எண்ணெய்: இதுவும் அதே நிறமா? வண்டி ஆழமான தண்ணீரில் இறங்கியிருக்கலாம்.

புஸ்பகோம் பாஸ் ஆயிடுச்சே, போதாதா?

போதாது. பெயர் மாற்றத்துக்கான பி5 பரிசோதனையில் எஞ்சினைப் பிரித்துப் பார்க்க மாட்டார்கள். உள்ளே உள்ள தேய்மானம் அதில் தெரியாது. கம்ப்ரெஷன் சோதனைக்கு, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள்.

எஞ்சின் எண்ணையும் கிராண்ட்டில் உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். 'ஹாஃப்-கட்' எஞ்சின் மாற்றி, சாலைப் போக்குவரத்துத் துறையிடம் பதியாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றமே சிக்கலாகும்.

வாங்கிய பிறகு தெரிந்தால்?

கடன் போட்டு வாங்கியிருந்தால், வண்டி பட்டறையில் கிடந்தாலும் மாதத் தவணை நிற்காது.

வியாபாரியிடம் வாங்கியிருந்தால் மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். ஆனால் தனிநபரிடம் வாங்கினால் அந்த வழி இல்லை. பழுது இருப்பதை முன்பே உங்களிடம் சொல்லி விற்றிருந்தால், பிறகு அதே பழுதுக்காக வாதாடுவதும் கஷ்டம். அதனால் பேசியதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை 'சின்னப் பிரச்சினை' என்று யாராவது சொன்னால், இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "அப்போ நீங்களே சரி பண்ணிக் கொடுங்களேன் அண்ணே, விலையைக் கூட்டிக்கலாம்."

பதில் தயங்கித் தயங்கி வந்தால், வேறு வண்டி பாருங்கள்.