தேர்வில் முதலிடம், அணியில் இடமில்லை!

தேசத்தின் பெயரால் களத்தில் இறங்கும் பாக்கியம் எளிதில் கிட்டுவதன்று. ஜிம்னாஸ்டிக்ஸ் வித்தையிலோ, கால் சற்றுத் தடுமாறினாலும் பல வருஷ உழைப்பு வீணாகும்.

1952, 1956, 1964 ஒலிம்பிக் பந்தயங்களில் பாரத ஆடவர் இவ்வித்தையில் கலந்துகொண்டனர். பின்னர் 52 ஆண்டுகள் நம்மவர் ஒருவருமில்லை. அக்குறையைத் தீர்த்தவர் திரிபுராவின் தீபா கர்மாகர். 2016 ஏப்ரலில் ரியோ நகரில் நடந்த தகுதிப் போட்டியில் 52.698 புள்ளிகள் பெற்றார். ஆகஸ்டில் அந்நகரிலேயே நடந்த ஒலிம்பிக்கில், 'வால்ட்' என்னும் தாண்டு பிரிவில் நான்காமிடம் பெற்றார், வெண்கலம் 0.150 புள்ளியில் கைநழுவிற்று.

பிற்பாடு ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கி, 21 மாதத் தடையை அனுபவித்தார். தடை நீங்கியதும், 2023 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசிய விளையாட்டுத் தேர்வுப் போட்டியில் முதலிடம் அவருக்கே. ஆயினும் அவரை அனுப்பவில்லை. முந்தைய 12 மாதச் சாதனையைக் கேட்டது விதி. தடையிலிருந்தவர் எதைக் காட்டுவார்?

வெற்றிக்கு வாய்ப்புள்ளவரையே அனுப்புவது என்ற நோக்கம் குற்றமன்று. ஆனால் 2024 மே மாதம் தாஷ்கெண்டில், ஆசிய சாம்பியன் போட்டியின் தாண்டு பிரிவில் தீபா தங்கமே வென்றார்! அவ்வாண்டு அக்டோபரில் ஓய்வும் பெற்றார்.

முடிவை மதிப்பதற்கில்லையெனில் பரீக்ஷை எதற்கு? எங்கள் பள்ளிப் பிள்ளைகளும் இதைக் கேட்பார்களே!