வீணையோடு ஆகாயப் பிரயாணம்

தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுக்களில் ஒன்றுகூட மரத்தில் அறையப்பட்டதன்று. கரிப்பொடி கலந்த மெழுகைத் தண்டியின் இரு ஓரங்களிலும் வரப்புப்போல உயர்த்தி, அதன்மேல் உலோக மெட்டுக்களைச் செவி ஒன்றையே சாட்சியாகக் கொண்டு ஒவ்வொன்றாக நிறுத்துவதைத்தான் மேளம் கட்டுதல் என்று வீணை செய்வோர் சொல்லுகிறார்கள். நீண்ட பழக்கமும் நுட்பமான சுருதி ஞானமும் உடையவர்களே செய்யக்கூடிய அந்த வேலை, சித்திரை வைகாசி வெயிலில் விமான நிலையத்துத் திறந்த தளத்தில் நிற்கும் ஒரு சாமான் வண்டியில் சற்று நேரம் கிடந்தாலே கெட்டுவிடக்கூடியது. தேன்மெழுகு உருகுவதற்கு 62 டிகிரி செல்சியஸுக்கு மேல் உஷ்ணம் வேண்டுமென்றாலும், அது இளகத் தொடங்குவது அதற்கு வெகு முன்னதாகவே. இளகிய மெழுகில் ஒரு மெட்டு மயிரிழை சாய்ந்தாலும் அந்த ஸ்தானத்தில் ஸ்வரம் பேசாது.

வீணை ரயிலில் போன காலத்தில் இந்தக் கவலைகள் இவ்வளவு இல்லை. வித்வானோ சிஷ்யரோ அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து போனார்கள். இப்பொழுதோ, அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் 1978 முதல் நடந்துவரும் தியாகராஜ ஆராதனைக்கும், லண்டன், சிங்கப்பூர் முதலிய ஊர்களின் சபைகளுக்கும் செல்லும் வைணிகர்கள், தங்கள் வாத்தியத்தைச் சிறிது நேரமாவது கண் மறைவில் அந்நியர் கையில் ஒப்படைக்க நேர்கிறது. அந்தச் சிறிது நேரத்தில் என்ன நடக்கிறது, அதில் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம் என்பதைத் தெரிந்துகொள்வது, பிரயாணச் சீட்டு வாங்குவதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம்.

பயப்பட வேண்டாதது ஆகாயம். விமானத்தின் வயிற்றிலுள்ள சாமான் அறையில் காற்றே இராது, அங்கே வைத்ததெல்லாம் உறைந்து விறைத்துவிடும் என்றொரு எண்ணம் நம்மவரிடையே பரவலாக இருக்கிறது. 35,000 அடி உயரத்தில் வெளியே பூஜ்யத்துக்குக் கீழ் 50 டிகிரி அளவில் குளிர் இருப்பது உண்மைதான். ஆனால் பிரயாணிகள் விமானங்களில் சாமான் அறையும் பிரயாணிகள் அமரும் கூடமும் ஒரே கூட்டுக்குள், ஒரே காற்றழுத்தத்தில் அமைந்தவை. அந்த அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையின் காற்றுக்குச் சமானம். உதகமண்டலத்துக்கு வீணையை எடுத்துச் சென்று வாசித்தவர் எவரும் அழுத்தத்தால் அது வெடித்ததாகச் சொல்லமாட்டார். சாமான் அறையில் குளிர் இருக்குமே ஒழிய, பல விமானங்களில் நாயும் பூனையும் உயிரோடு பயணம் செய்யும் இடம் அது.

பயப்பட வேண்டியது பூமி. பெட்டியை வாங்கிக்கொள்ளும் முகப்பிலிருந்து விமானத்தின் கதவு வரையிலும், இறங்கிய ஊரில் அந்தக் கதவிலிருந்து பிரயாணியின் கை வரையிலும் உள்ள பாதையில்தான், நகரும் பட்டைகளின் திருப்பங்களும் சரிவுகளும், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் பெட்டிகளின் பாரமும், அவசரத்தில் இருக்கும் தொழிலாளர்களின் கைகளும், மேலே சொன்ன வெயிலும் காத்திருக்கின்றன. கனடா தேசத்துப் பாடகர் டேவ் கரோல், 2008-இல் சிகாகோ விமான நிலையத்தில் தம் குழுவினரின் கிட்டார்கள் வெளியே தூக்கி எறியப்படுவதைச் சக பிரயாணி ஒருவர் ஜன்னல் வழியே கண்டு சொல்லக் கேட்டார். ஊர் சேர்ந்து பார்த்தால் அவருடைய கிட்டார் உடைந்திருந்தது. அந்த விபத்துக்கும் ஆகாயத்துக்கும் சம்பந்தமில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வழியில் விமானம் மாறுவதற்காக இறக்கி ஏற்றிய இடத்தில் நேர்ந்தது அது. ஆகவே, கட்டணம் கூடினாலும் இடையில் விமானம் மாறாத மார்க்கத்தைத் தேர்ந்தெடுப்பது, பெட்டிமேல் ஒட்டும் எந்த எச்சரிக்கைச் சீட்டைக் காட்டிலும் வாத்தியத்துக்குச் செய்யும் பெரிய உபகாரம்.

வாத்தியத்தைப் பிரியாமல் போவதற்கு ஓர் உபாயம், அதற்கும் ஓர் ஆசனம் வாங்குவது. மேல்நாட்டுச் செல்லோ வித்வான்கள் வெகு காலமாகச் செய்துவரும் வழி இது. ஜன்னல் ஓரத்து ஆசனமாக இருக்க வேண்டும், அவசர வாசலுக்கு அருகே கூடாது, பிறர் வெளியேறும் வழியை அடைக்கக் கூடாது, பட்டையால் இறுகக் கட்டியிருக்க வேண்டும் என்பவை பொதுவான நிபந்தனைகள். செல்லோவுக்குச் சாப்பாடு தேவையில்லை, ஆனால் கட்டணம் தேவை. அமெரிக்கச் செல்லோ மேதை லின் ஹாரல், தம் வாத்தியத்துக்கு வாங்கிய ஆசனங்களுக்கும் விமான நிறுவனம் தரும் சலுகைப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு வந்தார். 2012-இல் அந்த நிறுவனம் அவருடைய கணக்கையும் செல்லோவின் கணக்கையும் சேர்த்தே மூடிவிட்டது. கட்டணம் வாங்கும்போது பிரயாணியாகவும், சலுகை கேட்கும்போது சாமானாகவும் ஒரே வாத்தியம் தோன்றுவது வியாபாரத்தின் மாயை போலும்.

வீணைக்கு ஆசனம் வாங்கலாமா என்றால், அதன் நீளம் செல்லோவைவிட மிக அதிகமன்று. எனினும் அகன்ற குடமும் வளைந்த யாளி முகமும் ஆசனத்தில் அடங்குமா என்பது விமானத்துக்கு விமானம் மாறுபடும். பெட்டியின் அளவுகளை முன்கூட்டியே எழுதி அனுப்பி, சம்மதத்தை எழுத்து மூலம் பெற்றுக்கொண்ட பிறகே புறப்பட வேண்டும். விமான நிலையத்து முகப்பில் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை.

இவ்விஷயத்தில் சட்டத்தால் தெளிவு செய்துகொண்ட தேசம் அமெரிக்கா. அங்கே 2012-இல் இயற்றிய சட்டத்தை ஒட்டி 2015-இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, கிட்டார், வயலின் போன்ற சிறிய வாத்தியத்தைப் பிரயாணி ஏறும் வேளையில் ஆசனங்களுக்கு மேலுள்ள அறையில் இடமிருந்தால் ஏற்றுக்கொள்ள வேண்டும்; 165 பவுண்டு எடைக்கு உட்பட்ட பெரிய வாத்தியத்தை, ஆசனம் வாங்கியிருந்து பாதுகாப்புக்கு இடையூறு இல்லாதபோது கூடத்தில் அனுமதிக்க வேண்டும்; நீளம், அகலம், உயரம் மூன்றும் கூடி 150 அங்குலத்துக்கு மேற்படாமல் அதே எடைக்குள் இருப்பதைச் சாமான் அறையில் ஏற்க வேண்டும். சாதாரணப் பெட்டிக்கு உலகெங்கும் பெருவழக்காக உள்ள எல்லை 62 அங்குலம், அதாவது 158 சென்டிமீட்டர். உறைப்பெட்டியோடு சேர்ந்த வீணையோ 80 அங்குலத்தைத் தாண்டிவிடும். மேற்படி விதி அமெரிக்க நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்தும்; மற்றவற்றில் அவ்வவற்றின் சொந்த விதிகளைப் படித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்க விதிகளில் எனக்கு மிகவும் நியாயமாகப் படுவது, முதலில் ஏறிய வாத்தியத்தை, பின்னால் வந்த பெட்டிக்காக அகற்றக் கூடாது என்பது.

சாமான் அறைதான் கதி என்று ஆகிவிட்டால், பெட்டியைக் கட்டும் முறையில் எல்லாம் இருக்கிறது. ஒரே மரத்தில் குடைந்த ஏகாண்ட வீணையைவிட, குடம், தண்டி, யாளி முகம் ஆகியவற்றைத் தனித்தனியே செய்து இணைத்த ஒட்டு வீணைக்கு மூட்டுகளில் பலவீனம் அதிகம்; கனமான குடம் ஒருபுறமும் மெல்லிய தண்டி மறுபுறமுமாக இருக்கும் இந்த வாத்தியம், பெட்டி எந்தப் பக்கம் விழுந்தாலும் அதிர்ச்சியை மூட்டுக்கே அனுப்பும். ஆதலால் குடத்துக்கு அடியில் மட்டுமின்றித் தண்டியின் கீழும் நெடுக மெத்தை இருக்க வேண்டும். உள்ளே வாத்தியம் அசையக்கூடாது. சுரைக்குடுக்கையைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொள்வது நல்லது. தந்திகளைச் சில ஸ்வரங்கள் தாழும்படி தளர்த்தலாம். அடியோடு தளர்த்தினால் குதிரை இடம் பெயரும். தந்திகளை முறுக்கும் பிரடைகளின்மேல் எந்தப் பாரமும் அழுத்தக்கூடாது. நகரும் பட்டையில் போடாமல், அளவு மீறிய சாமான்களுக்கென்று உள்ள தனி வாசலில் ஒப்படைக்கும்படி கேட்க வேண்டும். தண்டியைத் திருகிப் பிரித்து எடுத்துச் செல்லும்படியான வீணைகளும் இப்பொழுது செய்யப்படுகின்றன. அடிக்கடி கடல் கடப்பவர்கள் பரம்பரை வீணையை வீட்டில் வைத்துவிட்டு அத்தகைய வீணை ஒன்றை வாங்கிக்கொள்வது விவேகம்.

இன்னொரு வாசல் சுங்கம். வீணை செய்யும் பலா மரத்தால் தொல்லை ஏதும் இல்லை. ஆனால் பழைய வீணைகள் பலவற்றில் தந்த வேலைப்பாடு உண்டு. யானைத் தந்தம் சர்வதேச வன உயிர் வர்த்தக உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், தக்க சான்றிதழின்றி அதைத் தேசம் கடத்தினால் வாத்தியமே பறிபோகலாம். ஈட்டி மர இனங்கள் அனைத்தையும் 2017-இல் இரண்டாம் பட்டியலில் சேர்த்தபோது உலகமெங்கும் வாத்தியக்காரர்கள் கலங்கினார்கள். 2019 நவம்பரில் முழுமை பெற்ற இசைக்கருவிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கிடைத்தது, பிரேஸில் தேசத்து ஈட்டி மட்டும் முதல் பட்டியலிலேயே நீடிக்கிறது. பருமனில் மிகச் சிறிய கஞ்சிராவே இங்கே மிகப் பெரிய ஆபத்தைத் தாங்கி நிற்கிறது: உடும்புத் தோல் போர்த்த கஞ்சிரா நம் நாட்டுச் சட்டத்துக்கும் சர்வதேச உடன்படிக்கைக்கும் ஒருங்கே விரோதமானது.

இத்தனைக்குப் பிறகும் வாத்தியம் உடைந்து வந்தால் நஷ்ட ஈடு உண்டா? இந்தியா 2009 முதல் உறுப்பினராக உள்ள 1999-ஆம் ஆண்டு மான்ட்ரியல் உடன்படிக்கையின்படி, சர்வதேசப் பிரயாணத்தில் ஒரு பிரயாணியின் சாமான்களுக்கு நிறுவனம் தரவேண்டிய அதிகபட்சத் தொகை, சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகில் 1,519. 2024 டிசம்பர் இறுதியில் உயர்த்தப்பட்ட இந்த அளவு ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். நல்ல வீணைக்கு இது போதலாம், போதாமலும் இருக்கலாம்; பழைய வாத்தியமாயின், ஒப்படைக்கும்போதே அதன் மதிப்பை எழுத்தில் அறிவித்து, கேட்கும் கூடுதல் தொகையைச் செலுத்தினால் அந்த எல்லை உயரும்; தனிக் காப்பீடு அதைவிடச் சிறந்தது. உடையக்கூடிய பொருள் என்று காட்டி நிறுவனம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வதுண்டு. உடன்படிக்கை விதித்த பொறுப்பைத் தட்டிக் கழிக்கும் எந்த நிபந்தனையும் செல்லாது என்று அதன் 26-ஆம் விதி கூறுகிறது. ஆனாலும் பொருளின் இயற்கையான குறையால் நேர்ந்த சேதத்துக்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர். எனவே புறப்படுமுன் பெட்டியைத் திறந்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். டேவ் கரோலுக்கு நஷ்ட ஈடு மறுக்கப்பட்டதற்கு, 24 மணி நேரத்துக்குள் முறையிடவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. ஆகவே இறங்கிய ஊரில் விமான நிலையத்தை விட்டு வெளியேறுமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். சேதமிருந்தால் அங்கேயே பதிவு செய்து, எழுத்து மூலமான முறையீட்டையும் கொடுங்கள். உடன்படிக்கை அதற்கு அனுமதிக்கும் அவகாசம், சாமான் கைக்கு வந்த நாளிலிருந்து 7 நாட்கள்.