மலைமேல் கடல் – 9: ஓடாவி இல்லாத ஊரில் படகு

பழைய பாய்ப்படகு ஒன்று மலிவாகக் கிடைத்தால் வாங்கிச் சீர்படுத்தலாமா என்று வாசகர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். கொடைக்கானல் மலையிலுள்ள கவுஞ்சியில் உட்கார்ந்து இதற்குப் பதில் எழுதுவது பொருத்தம்தான். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மரம். பள்ளங்களில் சோலைக்காடு, பழைய புல்வெளிகளின் மேல் வனத்துறை நட்ட வாட்டில், யூக்கலிப்டஸ், பைன். ஆனால் படகுக்கு வேண்டியது மரம் மட்டுமல்ல. மதுரை ஆட்சியர் வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்துக் கொடைக்கானல் ஏரியை உண்டாக்கினார். அதில் விட முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து வரவழைத்தார். மலைக்கு வரும் சாலை பொதுமக்களுக்குத் திறந்தது 1916-ல்தான். காடு நிறைந்த மலைக்கு, சாலை இல்லாத காலத்தில், கடற்கரையிலிருந்து படகு ஏறியது. மரம் இங்கே இருந்தது. படகு கட்டும் தச்சரான ஓடாவி அங்கே இருந்தார்.

படகின் செலவுக் கணக்கு முழுவதும் அந்த ஓடாவியைச் சுற்றித்தான் ஓடுகிறது.

பாய்ப்படகுக்காரர்கள் உலகெங்கும் வாய்ப்பாடாக ஒரு கணக்குச் சொல்வார்கள்: வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு ஆண்டுதோறும் பராமரிப்புக்குப் போகும். புதுப் படகுக்கு அது ஓரளவு சரி. பழைய படகு வாங்குபவரை அந்தக் கணக்கு கவிழ்த்துவிடும். முப்பதடிப் படகு பழசாகி, விலை பத்தில் ஒன்றாக இறங்கினாலும் அதன் பாய் முப்பதடிப் படகின் பாய்தான். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைப் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றியாக வேண்டும். கம்பிக்காரர் படகின் வயதைப் பார்த்து விலை குறைப்பதில்லை. செலவை முடிவு செய்வது படகின் நீளம், நீங்கள் கொடுத்த விலை அல்ல. நீளம் இரட்டித்தால் செலவு இரட்டிப்பதோடு நிற்காது. அகலமும் ஆழமும் சேர்ந்து வளர்வதால் பல மடங்காகும்.

மரப்படகென்றால் இன்னொரு கணக்கும் உண்டு. நல்ல தண்ணீர் மரத்துக்கு ஆகாது. கடல்நீரில் கப்பல் புழு துளைக்கும், உண்மைதான். ஆனால் மரத்தை மக்கவைக்கும் பூஞ்சைக்கு உப்பு பிடிக்காது. நியூ இங்கிலாந்தில் கப்பல் கட்டியவர்கள் வங்குகளுக்கு (பலகைகளைத் தாங்கும் விலாச் சட்டங்களுக்கு) இடையே உப்பைக் கொட்டி வைத்ததே இதற்காகத்தான். மேல்தட்டின் இடுக்கில் இறங்கும் மழைநீர், காற்றோட்டமில்லாத மூலையில் தங்கி, வெளியே பளபளக்கும் பலகையை உள்ளிருந்து பொடியாக்கும். கொடைக்கானல் போன்ற மழையும் பனிமூட்டமுமான ஊரில் கேட்கவே வேண்டாம். இரும்பாணி அடித்த படகென்றால் துரு ஆணியோடு நிற்காது. சுற்றியுள்ள மரத்தையும் கெடுக்கும். ஒரு பலகையை மாற்றப் பிரித்தால், அதன் பின்னாலிருக்கும் வங்கும் போயிருப்பது தெரியும். பழைய படகின் செலவை முன்கூட்டி யாராலும் சொல்ல முடியாததற்கு இதுவே காரணம். சொல்பவரை நம்பாதீர்கள்.

தூத்துக்குடித் தோணிகளின் உலகில் வழக்கமான பராமரிப்பு வேலைக்கு ஒரு பெயர் இருந்தது: கலப்பத்து. பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்து அடைப்பார்கள். தோணி கரையேறி நிற்கும் நாளெல்லாம் சரக்கு இல்லை, வாடகை இல்லை, கூலி மட்டும் உண்டு. ஜோ டி குரூஸின் ‘கொற்கை’ நாவல் அந்தத் தோணி முதலாளிகளின் ஏற்ற இறக்கத்தில் பிறந்தது. இன்று அந்தத் தோணிகளில் இயந்திரம் வந்துவிட்டது. பாய் தைக்கவும் பருமல் (பாயைத் தாங்கும் குறுக்குமரம்) கட்டவும் தெரிந்த கைகள் குறைந்துகொண்டே வருகின்றன. எனக்கு உண்மையிலேயே வருத்தமான செய்தி இது. மரம் விலையேறினால் காசு சேர்த்து வாங்கலாம். கை போனால் எதைக் கொடுத்து வாங்குவது?

அந்தக் கையின் மதிப்பை அறிய, இலங்கை வல்வெட்டித்துறையின் ‘அன்னபூரணி’யைப் பாருங்கள். சரக்கேற்றிய, ஏறத்தாழ 90 அடிப் பாய்க்கப்பல். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் அதை வாங்கினார். சிறு பாய்ப்படகு ஒன்றில் ஏற்கெனவே உலகைச் சுற்றிவந்தவர். மாசசூசெட்ஸின் இப்ஸ்விச்சில் கப்பல் பட்டறை நடத்தியவர். கப்பலைப் பற்றித் தெரியாமல் ஆசைப்பட்டவர் அல்ல. வல்வெட்டித்துறை மாலுமிகள் சூயஸ், ஜிப்ரால்டர் வழியாக அதை ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். கப்பலுக்கு ராபின்சன் தன் மனைவியின் பெயரை வைத்தார். அவர் விலை கொடுத்தது மரத்துக்கு மட்டுமல்ல, அதைக் கட்டிய ஓடாவிகளின் கைக்கும் ஓட்டத் தெரிந்த மாலுமிகளுக்கும் சேர்த்துத்தான் என்பது என் எண்ணம்.

ஆகவே கேட்டவர்களுக்கு: படகைப் பார்க்கும் முன் ஓடாவியைத் தேடுங்கள். அவரை அழைத்துப் போய், ஒவ்வொரு வங்கையும் கத்தி முனையால் குத்திப் பார்க்கச் சொல்லுங்கள். முனை இறங்கினால் விலை எவ்வளவு குறைந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள்.

கவுஞ்சிக்கு அருகே மன்னவனூர் ஏரியில் பரிசல் விடுகிறார்கள். பழுதுபார்ப்பதும் புதிதாகச் செய்வதும் ஏறக்குறைய ஒன்றேயான அந்தக் கலத்தை அடுத்த வாரம் பார்ப்போம்.