பித்தும் பெண்ணின் விருப்பமும்

பெண்ணியச் சிறுகதைகளில் பித்துற்ற பெண்ணின் உருவம் அடிக்கடி தோன்றுகிறது. அவளது பித்துக்கும் விருப்பத்துக்கும் உள்ள தொடர்பு யாது? அமெரிக்க எழுத்தாளர் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் 1892-இல் வெளியிட்ட 'மஞ்சள் சுவர்த்தாள்' என்னும் சிறுகதையைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

கதைசொல்லும் பெண் அண்மையில் மகவு ஈன்றவள். மருத்துவனாகிய கணவன், அவளது நலம் கருதி வாடகைக்கு எடுத்த மாளிகையில், சன்னல்களுக்குக் கம்பியிட்ட மாடியறையில் அவளைத் தங்கவைக்கிறான். அவள் விரும்புபவை எளியவை: எழுத வேண்டும், கீழ்த்தளத்து அறையில் தங்க வேண்டும், உறவினரைக் காண வேண்டும். ஒவ்வொன்றும் இன்சொற்களாலேயே மறுக்கப்படுகிறது. கணவன் கொடியவன் அல்லன் என்பதே நாம் ஊன்றி நோக்கத்தக்கது. அவன் அவளைக் குழந்தையெனக் கொஞ்சுகிறான். ஆனால் தன் நிலையைப் பற்றி அவள் கூறுவதைச் சான்றாக ஏற்பதில்லை. அடைபட்ட விருப்பம் சுவரில் உருக்கொள்கிறது. சுவர்த்தாளின் கோலத்துக்குப் பின்னே சிறைப்பட்ட பெண்ணொருத்தி ஊர்வதை அவள் காண்கிறாள். முடிவில் அத்தாளைக் கிழித்து, தானே அப்பெண்ணாகி, மயங்கி விழுந்த கணவன்மீது ஊர்ந்து செல்கிறாள்.

இது முற்றிலும் கற்பனையன்று. 1887-இல் கில்மன் பிலடெல்பியாவில் மருத்துவர் சைலஸ் வெயர் மிட்சலிடம் 'ஓய்வுச் சிகிச்சை' பெற்றார். படுக்கை, தனிமை, மிகுதியான உணவு ஆகியவை அதன் கூறுகள். வீடு திரும்பியபின் இல்லறத்திலேயே ஈடுபட வேண்டுமென்றும், எழுதுகோலைத் தொடலாகாதென்றும் அவருக்கு விதிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்று மாதங்கள் அதற்குக் கீழ்ப்படிந்து மனச்சிதைவின் விளிம்பை எட்டியதையும், மீண்டும் பணியில் ஈடுபட்டு ஓரளவு வலிமை பெற்றதையும் 1913-இல் அவரே விளக்கினார்.

1973-இல் ஃபெமினிஸ்ட் பிரஸ் இக்கதையை மறுபதிப்புச் செய்தபின் அதன் முடிவைப் பற்றிய விவாதம் பெருகிற்று. அதனை வெற்றியெனக் கொள்வாரும் உளர். ஆயினும் பித்தையே விடுதலையெனக் கூறுதல் பொருந்தாது. கதைத்தலைவி கயிற்றால் தன்னைப் பிணைத்துக்கொண்டு அவ்வறையிலேயே ஊர்கிறாள். கில்மனோ பணியினால் மீண்டார். ஆகவே விருப்பம் பித்தை விளைவிக்கவில்லை. விருப்பத்தை நோயென்று பெயரிட்டு அடைத்ததே அதனை விளைவித்தது என்பது நம் முடிபு.

ஆசாரியனாகிய ஏலி, உதடு மட்டும் அசைய மன்றாடிய அன்னாளை மதுவெறி கொண்டவளென்று எண்ணினான். எனினும் அவள் மறுமொழியைக் கேட்டுத் தன் தீர்ப்பை மாற்றிக்கொண்டான். கதையின் கணவன் அதனைச் செய்யவில்லை. இல்லங்களைச் சந்திக்கும் ஆயர்களாகிய நாம், கணவன் தரும் விளக்கத்தோடு அமைந்துவிடாமல், அவளுடைய சொல்லையும் கேட்டல் வேண்டும். மருத்துவம் தேவைப்படும் இடத்தில் அதனையும் நாடவேண்டும். ஆனால் கேட்பது முதற்கடமை.