கூடுதல் விலை யாருக்காக?

இயற்கை அங்காடி என்று பலகை மாட்டிய கடைக்குள் நுழைந்தால் கருப்புக்கவுனி, மாப்பிள்ளைச் சம்பா, மரச்செக்கு நல்லெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, தேன் என்று அடுக்கடுக்காக இருக்கும். இவற்றில் எதுவும் பெயரால் மட்டும் ஆர்கானிக் ஆகிவிடாது. கருப்புக்கவுனி ஒரு நெல் ரகம். அதற்கும் யூரியா போடலாம், மருந்து அடிக்கலாம். செக்கு என்பது எண்ணெய் ஆட்டும் முறை. அதில் போட்ட எள் எப்படி விளைந்தது என்பது வேறு கேள்வி. நாட்டுச் சர்க்கரை எந்த வயலிலிருந்து வந்தாலும் சர்க்கரைதான், நீரிழிவுக்காரருக்கு அது எந்தச் சலுகையும் காட்டாது. செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிக்கொல்லியும் மரபணு மாற்றிய விதையும் இல்லாமல் விளைவித்து, அதற்குச் சான்றும் பெற்ற பொருளே ஆர்கானிக். அதற்குச் சாதாரணப் பொருளைவிட ஒன்றரை மடங்கு, சில நேரம் இரண்டு மடங்கு விலை கேட்கிறார்கள். அந்தக் கூடுதல் காசில் சிறு பங்குதான் சாப்பிடுபவரின் உடம்புக்குப் போகிறது. பெரும்பங்கு மண்ணுக்கும் அதில் வேலை செய்பவருக்கும் போகிறது என்பது என் கணக்கு. விளம்பரங்கள் இதைத் தலைகீழாகச் சொல்கின்றன.

முதலில் சத்து. 2009-ல் பிரிட்டன் அரசின் உணவுத் தர அமைப்புக்காக லண்டன் ஆய்வாளர்கள் ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, சத்தில் பொருட்படுத்தத் தக்க வேறுபாடு இல்லை என்றார்கள். 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகக் குழு இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை அலசி ஏறக்குறைய அதே முடிவுக்கு வந்தது. 2014-ல் நியூகாசில் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 343 ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் மாறுபட்டார்கள்: ஆர்கானிக் பயிர்களில் ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் கூடுதலாகவும், காட்மியம் குறைவாகவும் இருப்பதாகச் சொன்னார்கள். இருக்கலாம். அந்தக் கூடுதலால் சாப்பிட்டவர் உடம்புக்கு என்ன நேர்ந்தது என்று அந்த ஆய்வு பார்க்கவில்லை. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைக் கூடுதலாகச் சமைத்தால் கிடைக்கும் சத்துக்கு முன்னால் இந்த வித்தியாசம் நிற்காது. சத்துக்காக மட்டும் ஆர்கானிக் வாங்குபவர் காசை வீணாக்குகிறார் என்றே சொல்வேன்.

பூச்சிக்கொல்லி எச்சத்தில் கதை வேறு. மேலே சொன்ன இரண்டு பல்கலைக்கழகங்களும் ஒத்துப்போகும் இடம் இதுதான். நியூகாசில் தொகுப்பின்படி சாதாரண விளைபொருட்களில் எச்சம் தென்படுவது நான்கு மடங்கு அதிகம். அமெரிக்காவின் சியாட்டில் பகுதியில் 23 பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2006-ல் வெளியான ஆய்வு இதைக் கண்ணெதிரே காட்டியது. ஐந்து நாட்கள் மட்டும் அவர்கள் வழக்கமாகச் சாப்பிடும் பொருட்களுக்குப் பதில் ஆர்கானிக் பொருட்களைக் கொடுத்தார்கள். மாலத்தியான், குளோர்பைரிபாஸ் ஆகியவற்றின் தடயம் சிறுநீரில் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கியது. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியதும் மறுபடி ஏறியது. தட்டில் இருப்பது உடம்புக்குள் போகிறது என்பதில் இதற்குமேல் ஐயத்துக்கு இடமில்லை. உடம்புக்குள் போன அந்த நுண்ணளவு நோயைத் தருகிறதா என்பதற்குத்தான் இந்த ஆய்வில் பதில் கிடையாது.

பிரான்சில் சுமார் 69,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியான ஆய்வு, ஆர்கானிக் உணவை அதிகம் உண்டவர்களிடம் புற்றுநோய் 25 சதவீதம் குறைவு என்றது. வாட்ஸ்அப்பில் சுற்றுவது இந்த வரிதான். பிரிட்டனில் 6 லட்சத்துக்கும் அதிகமான பெண்களை ஒன்பது ஆண்டுகள் கவனித்த இன்னும் பெரிய ஆய்வு 2014-லேயே வந்திருந்தது. மொத்தப் புற்றுநோயில் அது எந்தக் குறைவையும் காணவில்லை. அதை யாரும் பகிர்வதில்லை. பிரெஞ்சு ஆய்வில் ஆர்கானிக் வாங்கியவர்கள் பொதுவாக அதிகம் படித்தவர்கள், வசதியானவர்கள், காய்கறி கூடுதலாகச் சாப்பிடுபவர்கள். புள்ளிவிவரத்தில் இவற்றைக் கழித்துத்தான் கணக்கிட்டார்கள் என்றாலும், ஒரு வாழ்க்கை முறையை முழுதாகக் கழித்துவிட முடியாது. சான்று இவ்வளவுதான் என்று தெரிந்த பிறகு அச்சத்தை விற்பதும் தவறு, அச்சப்படுபவரைக் கேலி செய்வதும் தவறு. வளரும் மூளைக்கு மாலத்தியான், குளோர்பைரிபாஸ் போன்ற ஆர்கனோபாஸ்பேட் வகை நஞ்சு ஆகாது என்பதற்கு ஆதாரங்கள் வலுவாகவே இருக்கின்றன. கர்ப்பிணியும் சிறு குழந்தையும் உள்ள வீட்டில் கொஞ்சம் கூடுதலாகக் கவனம் எடுத்தால் அதை மிகையென்று சொல்ல மாட்டேன்.

அந்தக் கவனம் எல்லாப் பொருளுக்கும் தேவையா? 2014-15-ல் மத்திய வேளாண் அமைச்சகத்தின் கண்காணிப்புத் திட்டத்தில் நாடு முழுவதும் 20,618 மாதிரிகளைச் சோதித்தார்கள். 18.7 சதவீதத்தில் எச்சம் இருந்தது. அனுமதித்த அளவைத் தாண்டியது 2.6 சதவீதம். பெரும்பாலானவை சுத்தம் என்று இதைப் படிக்கலாம். அந்த 2.6 சதவீதம் எல்லாப் பொருளிலும் சமமாகப் பரவியிருக்காது என்றும் படிக்க வேண்டும். 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறிகளில் நஞ்சு இருக்கிறதென்று கேரளம் சண்டைக்கு வந்தபோது கறிவேப்பிலையின் பெயர் அடிக்கடி அடிபட்டது. காரணம் எளிது. கறிவேப்பிலை, கொத்தமல்லி, புதினா, கீரை போன்றவற்றில் மருந்து நேராக விழுவதே நாம் சாப்பிடும் பகுதியின்மேல்தான். உரிக்கத் தோலும் கிடையாது. வாழைப்பழம், தேங்காய், வெங்காயம், பூசணி, பலா போன்றவற்றில் தோலோ ஓடோ குப்பைக்குப் போய்விடுகிறது. தேங்காய்க்கு ஆர்கானிக் விலை கொடுப்பவர் தம் உடம்புக்காக அநேகமாக எதையும் வாங்கவில்லை. கறிவேப்பிலையைத் தொட்டியில் வளர்த்தால் விலை கொடுக்கவே வேண்டாம்.

கழுவினால் போதாதா என்று கேட்பவர்களுக்குப் பாதி பதில் ஆம். உப்பு நீரிலோ புளிக்கரைசலிலோ ஊறவைத்து, ஓடும் தண்ணீரில் அலசினால் மேலே படிந்தது பெருமளவு போகும். 2017-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தினர் ஆப்பிளைச் சமையல் சோடாக் கரைசலில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது, சோதித்த இரண்டு பூச்சிக்கொல்லிகளும் மேற்பரப்பிலிருந்து நீங்கின. தோலைத் தாண்டி உள்ளே இறங்கியது அப்படியே இருந்தது. இமிடாகுளோபிரிட் போலச் செடியின் சாற்றிலேயே கலக்கும் மருந்தை எந்தக் கரைசலும் வெளியே எடுக்காது.

இப்போது வீட்டுக் கணக்கு. 2022-23 மத்திய அரசின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு நகரங்களில் தலைக்கு மாதச் செலவு 7,630 ரூபாய். நான்கு பேருக்குச் சுமார் 30,500. நாட்டின் நகர்ப்புறச் சராசரிப்படி அதில் ஏறத்தாழ 39 சதவீதம் உணவுக்கு என்றால் 12,000 ரூபாய். எல்லாவற்றையும் ஒன்றரை மடங்கு விலைக்கு மாற்றினால் மாதம் 6,000 ரூபாய் கூடும். பல வீடுகளில் அது பிள்ளையின் பள்ளிக் கட்டணம். ஒருவருக்கு ஒருநாளைக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதில் பாதியைக்கூடச் சாப்பிடாத வீடு, விலை தாங்காமல் காய்கறியை இன்னும் குறைத்து ஆர்கானிக் வாங்கினால் நஷ்டம் உடம்புக்குத்தான். நகர்ப்புற உணவுச் செலவில் பெரிய பங்கு காய்கறிக்குப் போவதில்லை. தின்பண்டம், பானம், வெளிச்சாப்பாட்டுக்குப் போகிறது. அதில் கொஞ்சம் கைவைத்தால் கீரைக்கும் பழத்துக்கும், ஆசைப்பட்டால் குழந்தைக்கு மட்டும் ஆர்கானிக்குக்கும் காசு வரும்.

காசு கொடுத்தும் ஏமாறும் பயம் நியாயமானது. மேற்சொன்ன 2014-15 சோதனையில் ஆர்கானிக் கடை மாதிரிகள் சிலவற்றிலும் எச்சம் இருந்தது. பொட்டலத்தில் ஆர்கானிக் உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையும் சான்று விவரமும் இருக்கிறதா என்று பார்க்கலாம். சிறு உழவர் நேரடியாக விற்றால் இந்தச் சான்றிலிருந்து விலக்கு உண்டு என்பதால், அங்கே ஆளைத் தெரிந்து வாங்குவதைத் தவிர வழியில்லை. பலகையில் எழுதிய ‘நஞ்சில்லா’ என்ற சொல் சான்று ஆகாது.

எல்லாவற்றையும் நம் தட்டை வைத்தே அளப்பது சுயநலம் என்று இயற்கை உழவர்கள் சொல்வார்கள். அவர்கள் பக்கம்தான் வலுவான சான்று இருக்கிறது. 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்து அடித்தவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனைக்குப் போனார்கள். நகரத்தில் கத்தரிக்காய் வாங்குபவருக்கு மில்லிகிராமில் வருவது, முதுகில் தெளிப்பானைக் கட்டியவருக்கு லிட்டரில் வருகிறது. ஆர்கானிக் நிலத்தில் விளைச்சல் குறைவு. 2012-ல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வின்படி பயிரையும் சூழலையும் பொறுத்து 5 முதல் 34 சதவீதம் வரை. அந்த இழப்பை ஈடுகட்டும் விலையை வசதியுள்ளவர் மனமுவந்து கொடுத்தால் நல்லது. மாதம் 30,000 ரூபாயில் குடும்பம் நடத்துபவரிடம், கொடுக்காவிட்டால் குழந்தைக்குப் புற்றுநோய் வரும் என்று மிரட்டி அதை வாங்கக் கூடாது. அந்தச் சுமையைத் தூக்க வேண்டியது அரசு. மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிக்கொல்லியைக் காய்கறிக்கு அடிக்க 2005-லேயே தடை வந்தது, மற்றப் பயிர்களுக்கு விற்பனை தொடர்ந்தது. 2013-ல் பீகாரில் பள்ளி மதிய உணவில் கலந்து 23 குழந்தைகளைக் கொன்றது அதுதான். இயற்கை அங்காடியின் வாசலைக் கூட மிதிக்காத வீடுகளின் பிள்ளைகள் அவர்கள். அத்தகைய மருந்தை முழுதாகச் சந்தையிலிருந்து எடுத்தால், ரேஷன் அரிசி வாங்கும் வீட்டுக்கும் தெளிப்பானைச் சுமப்பவருக்கும் ஒரே நாளில் பயன் போய்ச் சேரும், யாரும் ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கொடுக்காமல்.