அமோனியா என்னும் பெயர்

இரசாயன ஆய்வுகூடத்தில் ஒரு நாளேனும் நின்றவர் எவரும் அமோனியாவின் நெடியை மறத்தல் அரிது. கண்ணீர் வரச்செய்யும் அவ்வாயுவின் சூத்திரத்தை மனனஞ் செய்த நாம், அதன் பெயர் எங்கிருந்து வந்ததென்று வினவியதில்லை. அது ஒரு தெய்வத்தின் பெயரோடு தொடர்புடையது என்பதை அறியுமிடத்து வியப்பு உண்டாகின்றது.

பண்டை எகிப்தியர் வழிபட்ட தெய்வங்களுள் அமோன் தலைமை வாய்ந்தவர். எகிப்தின் மேற்கே, பாலைவனத்திடையே, சீவா என்னும் பசுஞ்சோலையில் அவருக்குக் கோயில் ஒன்று இருந்தது. கி. மு. 331இல் மகா அலெக்சாந்தர் அங்குச் சென்று குறி கேட்டான். அப்பக்கத்து உப்பு 'அமோனின் உப்பு' எனப் பெயர் பெற்றது. கி. பி. முதலாம் நூற்றாண்டினரான பிளினியோ, அவ்வுப்பு மணலின்கீழ்க் கிடைத்தலால், மணலைக் குறிக்கும் 'அம்மோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லே அப்பெயருக்கு மூலம் என்றார்.

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. பிளினி கூறிய உப்பு பெரும்பாலும் கல்லுப்பே என்பர் ஆராய்ச்சியாளர். பிற்காலத்தார் அப்பெயரை வேறொரு பொருளுக்கு ஏற்றினர். அப்பொருள் நமக்குப் புதியதன்று. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் கையாளும் நவச்சாரமே அது. காய்ந்த பாத்திரத்தில் அதனைத் தூவியதும் வெண்புகை எழும். வெப்பத்தால் நவச்சாரம் அமோனியாவாகவும் ஐதரசன் குளோரைட்டாகவும் பிரிந்து, மீண்டுங் கூடுவதே அப்புகை. வாயிலில் நின்று அதனை வேடிக்கை பார்த்த நாமே, வகுப்பில் அதே பாடத்தைப் புதிதென்று கற்றோம்!

1774இல் பிரீசிலி என்னும் ஆங்கிலேயர் நவச்சாரத்தையுஞ் சுண்ணாம்பையுஞ் சேர்த்துச் சூடாக்கி, வெளிவந்ததைக் 'காரவாயு' என்றார். 1782இல் சுவீடன் நாட்டுப் பேர்க்மன் அதற்கு அமோனியா எனப் பெயரிட்டார். 1785இல் பிரான்சு நாட்டுப் பேர்தொலே அது நைதரசனும் ஐதரசனும் சேர்ந்த சேர்வை என நிறுவினார். அதனுள் அமோனும் இல்லை, மணலும் இல்லை, கல்லுப்பும் இல்லை.

இன்னுமொரு புதுமை உளது. அமோன் ஆட்டுக்கடாவின் கொம்புடையவராகவும் உருவகிக்கப்பட்டார். அக்கொம்புபோற் சுருண்டு கல்லாய்ப்போன பண்டைக் கடலுயிர்கள் 'அமனைற்று' எனப்பட்டன. கண்டகி நதியில் எடுத்து நாம் பூசிக்கும் சாளக்கிராமம் அவ்வினத்ததே. ஆய்வுகூடத்துப் போத்தலும் பூசையறைக் கல்லும் இவ்வாறு ஒரு பெயரால் உறவாகின்றன.

ஆதலின் மாணவர்க்கு நாம் சொல்வது இது: பெயரைக்கொண்டு பொருளின் இயல்பைத் துணியாதீர்கள், அதனைச் சோதனையே காட்டும். பெயர் காட்டுவது, அப்பொருள் எவர் எவர் கைப்பட்டு நம்மிடம் வந்தது என்பதையே. அதுவும் அறியத்தக்க கல்வியே.