கச்சான் காற்றில் ஒரு கண்டாங்கி

காரைக்குடித் தறிகளில் கண்டாங்கிச் சேலை உருவாகும் விதத்தைச் சென்ற வாரம் பார்த்தோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலைக்காக ஒரு விளம்பரப் படம் எடுக்கும் பொறுப்பை ஏற்றிருந்த என் சிநேகிதி, அதைச் செட்டிநாட்டு வீடொன்றின் முகப்புத் தூண்களின் நடுவே சௌகரியமாக எடுத்து முடித்திருக்கலாம். அவ்விதம் எடுக்கப்பட்ட படங்களுக்கு நம் நாட்டில் குறைவில்லை. ஆனால் உடுத்தியவள் நடந்து, ஓடி, காற்றோடு மல்லுக்கு நின்ற பிறகே ஒரு வஸ்திரத்தின் சுபாவம் புலப்படும் என்பதில் அவளுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தமையால், ஆடி மாதத்து விடியற்காலை ஒன்றில், கச்சான் ஓயாமல் வீசிக்கொண்டிருந்த தனுஷ்கோடிக்கு எங்களை அழைத்துக்கொண்டு போனாள்.

இந்த நம்பிக்கைக்கு ஒரு பூர்வ சரித்திரம் உண்டு. ஹங்கேரியில் பிறந்து, விளையாட்டுப் பந்தயங்களைப் படம் பிடிப்பதில் கைதேர்ந்து, பெர்லினில் பத்திரிகைப் புகைப்படக்காரராகப் புகழ் பெற்றிருந்த மார்ட்டின் முங்காச்சி, 1933-இல் அமெரிக்காவுக்கு வந்திருந்தபோது, ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகையைச் சேர்ந்த கார்மல் ஸ்நோ என்ற அம்மையார் நீச்சலுடைப் படம் எடுப்பதற்காக அவரை லாங் ஐலண்ட் கடற்கரைக்கு அழைத்துப் போனார். நாகரிக உடைகளை ஸ்டூடியோவுக்குள், பூசிய வெளிச்சத்தில், அசையாமல் நிற்கும் பெண்கள் மீது காட்டுவதே அன்று வழக்கம். குளிர் மிகுந்த அந்த நவம்பர் நாளில், ஆங்கிலம் சரிவரத் தெரியாத முங்காச்சி, லூசில் புரோக்கா என்ற பெண்ணைத் தம்மை நோக்கி ஓடிவரும்படி சைகையாலேயே கேட்டுக்கொண்டார். மேலங்கி முதுகுக்குப் பின்னால் பறக்க அவள் ஓடிவரும் அந்தப் படம் டிசம்பர் இதழில் வெளியானபோது, உடை என்பது உடலின் இயக்கத்தோடு சேர்ந்தது என்ற சத்தியம் ஒரே பக்கத்தில் ஸ்தாபிதமாகிவிட்டது. பிற்காலத்தில் ரிச்சர்ட் அவெடான் போன்ற மேதைகள் அவருக்குக் கடன்பட்டிருப்பதை ஒளிக்காமல் சொன்னார்கள்.

தனுஷ்கோடிக்கு வருவோம். 2017-இல் அரிச்சல்முனை வரையில் சாலை போடப்பட்ட பிறகு அங்கே செல்வது சுலபமாகிவிட்டது. வடபுறம், அசைவற்ற ஏரி என்று சொல்லத்தக்க அமைதியோடு பெண் கடல். தென்புறம், அந்தப் பருவத்தில் அலைகளை வீசியெறிந்துகொண்டிருந்த ஆண் கடல். நடுவே ஒரு கீற்று மணல். பறக்கும் கேமராவைப் பெட்டியை விட்டு எடுக்கவே கூடாது என்று காவல்துறையினர் வழியிலேயே சொல்லிவிட்டதனால், வானிலிருந்து பார்க்கும் காட்சிகளுக்கென்று வகுத்திருந்த திட்டம் ஆரம்பத்திலேயே போயிற்று. அடுத்ததாக, முகத்தில் வெளிச்சம் விழுவதற்காகப் பிடித்திருந்த ரிஃப்ளெக்டரைக் காற்று உதவியாளரின் கையிலிருந்து பறித்துக்கொண்டு சாலையைத் தாண்டி வடகரைக்குப் போய்விட்டது. அங்கே கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களால் கயிற்றை விட முடியவில்லை. கயிறு சுருட்டிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன்தான் ஓடிப் பிடித்து, மடங்கிப்போன அதை மிகுந்த மரியாதையோடு கொண்டுவந்து கொடுத்தான்.

இவை எல்லாம் படப்பிடிப்பில் சகஜம். அன்றைய தினத்தின் மெய்யான சோதனை மாதா கோயில் சுவரருகே நிகழ்ந்தது. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் அழிந்த ஊரின் மிச்சம் அது. தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுவோர் வந்து இறங்கிய துறைமுகமும், ரயில் நிலையமும், தபாலாபீசும் அந்த ஓர் இரவில் மூழ்கின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணி ரயில், நிலையத்தை நெருங்கும் தறுவாயில், உள்ளே இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலைக்கு இரையாயிற்று. பவளப்பாறைக் கற்களால் எழும்பிய அந்தச் சுவர், காலை வெயில் பட்டதும் பழுத்த மஞ்சளாக மாறிற்று.

"இந்தச் சுவரையும் சேலையின் அரக்குச் சிவப்பையும் சேர்த்துப் பார். கண்ணை எடுக்க முடிகிறதா?" என்றாள் சிநேகிதி.

"முடியவில்லை. அதனால்தான் வேண்டாம் என்கிறேன்."

"சுவரை ஒட்டிச் சங்கும் சிப்பியும் விற்கிறார்கள், குழந்தைகள் விளையாடுகிறார்கள். இந்த ஊருக்குத் துக்கம் ஒன்றுதான் அடையாளமா?"

அவள் வாதத்தில் நியாயம் இருந்தது. அழிந்த இடத்தில் அழகு தலைகாட்டக் கூடாது என்று சொல்பவன் அல்லன் நான். ஆனால் அந்தச் சுவர் நிழலில் கடை விரித்திருப்பவர்கள், வாழத் தகுதியற்றது என்று அரசாங்கம் அறிவித்த மணலிலேயே குடிசை போட்டு, அதே கடலை நம்பிப் பிழைப்பவர்கள். அவர்களுக்கு உள்ள பாத்தியதை, ஒரு பொருளை விற்பதற்காக அரைநாள் வந்து போகும் நமக்கு எப்படிச் சித்திக்கும்? பிணம் மிதந்த இடத்தைப் பின்திரையாக்கினால், பார்ப்பவன் சேலையைப் பார்ப்பானா, சுவரைப் பார்ப்பானா, அல்லது இரண்டையுமே பார்க்காமல் ஒரு மெல்லிய சோக ரசத்தை மட்டும் அனுபவித்துவிட்டுப் போவானா? இவ்வளவையும் நான் சொல்லி முடிக்கும்வரையில் பொறுமையாகக் கேட்ட அவள், முழு மனத்தோடு ஒப்புக்கொண்டாள் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு தென்கரைப் பக்கம் நடந்தாள்.

அங்கேதான் படம் கிடைத்தது. சேலை உடுத்தியிருந்தவள் நெசவாளர் குடும்பத்துக் கல்லூரி மாணவி; தொழில்முறை மாடல் அல்லள். முந்தானையில் குத்தியிருந்த ஊசிகளைக் காற்று ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறியவே, ஒப்பனைக்காரி தவித்துப்போனாள். அப்போது அந்தப் பெண், "அக்கா, ஊசியெல்லாம் எடுத்திடுங்க. தெருவுல பாவு நீட்டுறப்ப அம்மா இழுத்துச் செருகிக்கிற மாதிரி செருகிக்கிறேன்" என்று சொல்லி, முந்தானையை முன்னே கொணர்ந்து இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு, காற்றை எதிர்த்து நடக்கலானாள். மெல்லிய பட்டாயிருந்தால் அந்தக் கச்சானுக்கு நார்நாராகப் போயிருக்கும். கண்டாங்கியின் கனத்த பருத்தியோ, கொசுவத்தைக் கலையவிடாமல் காலோடு ஒட்டி நின்றது. கட்டங்கள் கோணாமல் நீண்டு சுருங்கின. அகன்ற கரை மட்டும் நுரையில் நனைந்து, விட்டு விட்டு அடித்துக்கொண்டது. வெயிலிலும் உழைப்பிலும் உடுத்துவதற்கென்றே நெய்யப்பட்ட துணியின் லட்சணம் அங்கே பிரத்தியட்சமாயிற்று. சிநேகிதி ஒரு வார்த்தை பேசவில்லை. பின்னோக்கி நடந்தபடியே, முழங்கால் தண்ணீரில், நிறுத்தாமல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

பத்து மணிக்கெல்லாம் வெயில் உச்சிக்கு ஏறி, முகங்களில் நிழல் கறுக்கத் தொடங்கிவிட்டது. மூட்டை கட்டுவதற்கு முன், அந்தச் சேலை காற்றில் அடித்துக்கொள்ளும் சப்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்ய வேண்டும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். அலையின் ஓசை அதை விழுங்காதிருக்க வேண்டும் என்பதற்காக வடகரைக்கு வந்து, அந்தப் பெண்ணைக் காற்று முகமாக நிறுத்தி, மைக்கைச் சேலையின் கரையருகே பிடித்துக்கொண்டோம். கரைவலைக்காரர்களும் எங்களுக்காகச் சற்று நேரம், வலை இழுக்கையில் பாடும் அம்பாப் பாட்டை நிறுத்தி உதவினார்கள்.

படத்துக்குப் பாட்டே வேண்டாம், இந்தத் துணியின் சப்தம் போதும் என்பது அவள் முடிவு. விளம்பரத்துக்குப் பணம் போட்ட கடைக்காரர் வீணை இசை கேட்டிருந்தார். அவர்கள் இருவரும் படத்தொகுப்பு அறையில் சந்தித்ததை அடுத்த வாரம் எழுதுகிறேன்.